மழைநீரோடு செல்லும் எண்ணெய்: தில்லி தொழிற்பேட்டைகளின் வடிகால்கள் ஓர் ஆய்வு

தொழிற்சாலைக் கழிவுநீர் எனும்போது, ஆலையின் மதிற்சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குழாயும் அதன் வாயிலிருந்து வரும் நிறம் மாறிய நீருமே பொதுவாக நினைவுக்கு வருகின்றன. நீர் மாசுத் தடுப்புச் சட்டங்களும், அவற்றையொட்டி எழுந்த ஆய்வுமுறைகளும் பெரும்பாலும் இக்குழாயை மனத்திற்கொண்டே அமைந்தவை. ஆனால் ஆலையிலிருந்து நீர் வெளியேற மற்றொரு வழியும் உண்டு. சரக்குந்துகள் நிற்கும் திறந்த முற்றம், பீப்பாய்கள் அடுக்கப்பட்ட மூலை, டீசல் மின்னாக்கி நிறுத்தப்பட்ட மேடை, இரும்புத் துருவல் கொட்டிவைக்கும் இடம் ஆகியவற்றின் மீது பெய்யும் மழை, அங்கு மாதக்கணக்கில் சிந்திக் கிடந்த எண்ணெயையும் மசகையும் கழுவிக்கொண்டு மழைநீர் வடிகாலில் இறங்குகிறது. இந்நீர் எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தையும் காண்பதில்லை. இது வெளியேறும் நேரத்தில் ஆய்வாளர் ஒருவர் அங்கு நிற்பதும் அரிது.

தலைநகர் தில்லியில் இச்சிக்கல் தனித்தன்மை பெறுவதற்கு அந்நகரின் தட்பவெப்பமும் நில அமைப்புமே காரணம். ஆண்டு மழையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் பெய்துவிடுகிறது. எஞ்சிய எட்டு மாதங்களும் பெரும்பாலும் வறண்டவை. அக்காலம் முழுவதும் தொழிற்பேட்டைகளின் தரையில் சொட்டும் எண்ணெய், தில்லிக்கே உரிய நுண்ணிய புழுதியுடன் கலந்து கருநிறப் பசையாகப் படிகிறது. பருவமழையின் முதல் சில மணி நேரங்களில் இவ்வெட்டு மாதச் சேமிப்பின் பெரும்பகுதி ஒருசேர வடிகாலுக்குச் செல்கிறது.

தமிழகத்துக் கிராமங்களில் கூரைநீரைப் பிடிக்கும் பெண்கள் முதல் மழையை வழிய விட்டுவிட்டு, ஓடு கழுவப்பட்ட பின்னரே குடத்தை வைப்பது வழக்கம். முதல் நீர் அழுக்கு நீர் என்பது அவர்கள் அனுபவத்தால் அறிந்த உண்மை. பொறியியலார் 'முதற் கழுவல்' என்று குறிப்பிடுவதும் இதையே. வேறுபாடு என்னவெனில், வீட்டுக் கூரையின் முதல் நீர் முற்றத்து மண்ணில் விழுகிறது; தொழிற்பேட்டையின் முதல் நீர் ஆற்றில் விழுகிறது.

வடிகால் என்னும் ஆறு

தில்லியின் மழைநீர் மூன்று வடிநிலங்களின் வழியாக யமுனையை அடைகிறது. அவை நஜப்கர், பாராபுல்லா, யமுனைக்குக் கிழக்கே உள்ள ஷாதரா பகுதி ஆகியன. இவற்றுள் நஜப்கர் வடிகாலே மிகப் பெரியது. அது உண்மையில் வெட்டப்பட்ட சாக்கடையன்று. இராஜஸ்தானத்தில் தோன்றி அரியானா வழியே வந்த சாகிபி ஆற்றின் பழைய போக்கே இன்று அப்பெயரால் வழங்குகிறது. வஜீர்பூர், மாயாபுரி, நாராயணா போன்ற மேற்குத் தில்லியின் தொழிற்பகுதிகளிலிருந்து புறப்படும் சிறு வடிகால்கள் பலவும் இறுதியில் இதனைச் சேர்கின்றன.

இது யமுனையுடன் கலக்கும் இடம் வாஜிராபாத் அணைக்குச் சற்றுக் கீழே அமைந்துள்ளது. தில்லி மாநகரம் தனக்கு வேண்டிய ஆற்றுநீரை அவ்வணைக்கு மேலிருந்து எடுத்துக்கொள்கிறது. தனது கழிவை அணைக்குக் கீழே விடுகிறது. வாஜிராபாத்திலிருந்து ஓக்லா வரையிலான 22 கிலோமீட்டர் நீளத்திற்குள் இருபதுக்கு மேற்பட்ட வடிகால்கள் ஆற்றில் விழுகின்றன. அந்நீரைப் பயன்படுத்துவோர் மதுராவிலும் ஆக்ராவிலும், ஓக்லாவில் தொடங்கும் ஆக்ரா கால்வாயின் கரைகளிலும் வாழ்பவர்கள். ஒருவரது செயலின் செலவை வேறொருவர் சுமப்பதைப் பொருளியலார் 'புறச்செலவு' என்பர். 1920 ஆம் ஆண்டில் ஏ. சி. பிகு தமது நலப் பொருளியல் நூலில் விளக்கிய இக்கருத்துக்கு, அணைக்கு மேலும் கீழுமாகப் பிரிந்து கிடக்கும் யமுனையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இருத்தல் அரிது.

மழைநீர் வடிகாலும் கழிவுநீர்க் குழாயும் தனித்தனியே இயங்க வேண்டும் என்பதே தில்லியின் திட்ட அடிப்படை. 1976 ஆம் ஆண்டின் வடிகால் பெருந்திட்டம் இதனை ஏற்றே வகுக்கப்பட்டது. அதன் பின் பல பத்தாண்டுகள் கழித்துத் தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகம் புதிய திட்ட அறிக்கை ஒன்றைத் தயாரித்து 2018 இல் அளித்தது. மழைநீர் வடிகால்களில் கழிவுநீர் கலப்பது தடுக்கப்படாதவரை வேறெந்தச் சீரமைப்பும் முழுப்பயன் தராது என்பது அவ்வறிக்கையின் முக்கியமான செய்தி. வடிகால்களோ மாநகராட்சி, பொதுப்பணித்துறை, வெள்ளத் தடுப்புத் துறை, தில்லி வளர்ச்சிக் குழுமம், தொழில் வளர்ச்சிக் கழகம் எனப் பல அமைப்புகளின் பொறுப்பில் சிதறிக் கிடக்கின்றன. ஆலையின் வாயிலில் ஒரு துறைக்குச் சொந்தமான வடிகால், சாலைத் திருப்பத்தில் மற்றொரு துறைக்குச் சொந்தமாகிவிடுகிறது. எண்ணெய்ப் படலம் மட்டும் இவ்வெல்லைகளை அறிவதில்லை.

உச்ச நீதிமன்றத்தின் 1996 ஆம் ஆண்டு ஆணைகள் தில்லியின் தொழில் வரலாற்றில் ஒரு திருப்பம். அவ்வாண்டு சூலையில் இடப்பட்ட ஆணையின்படி ஆபத்து மிகுந்தவை என வகைப்படுத்தப்பட்ட 168 ஆலைகள் தலைநகர எல்லைக்குள் இயங்குவதை நிறுத்த நேர்ந்தது. எஞ்சிய தொழிற்பேட்டைகளுக்குப் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைக்கும் பணியும் அந்நீதிமன்றத்தின் வற்புறுத்தலால் விரைவு பெற்றது. இன்று அத்தகைய 13 நிலையங்கள் உள்ளன. அவற்றின் மொத்தத் திறன் நாளொன்றுக்குச் சுமார் 21 கோடி லிட்டர். இந்நிலையங்களுக்கு வருவது ஆலையினுள் உண்டாகும் கழிவுநீரே. ஆலை முற்றத்தில் ஓடும் மழைநீர் அங்கு வருவதில்லை. வந்தால், குறித்த கொள்ளளவுக்கு அமைக்கப்பட்ட அந்நிலையங்கள் நிரம்பி வழிந்து, இருக்கும் பயனும் கெட்டுவிடும்.

சில கணக்குகள்

எண்ணெய் மாசின் அளவை உணர எளிய கணக்குகள் சில உதவும். 1986 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொது நெறிமுறைப்படி, ஆறு, ஏரி முதலிய உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரில் எண்ணெயும் கொழுப்பும் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. பொதுக் கழிவுநீர்க் குழாயில் விடுவதற்கு இவ்வரம்பு 20 மில்லிகிராம். பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு 2008 இல் இது 5 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது.

ஒரு லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 900 கிராம் எடையுள்ளது. லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்ற நிலைக்கு அதனை நீர்க்கச் செய்ய 90,000 லிட்டர் நீர் வேண்டும். ஒரு சரக்குந்தின் எஞ்சினிலிருந்து எண்ணெய் மாற்றும்போது தரையில் சிந்தும் சிறு அளவே பல தொட்டி நீரை வரம்புக்கு மேல் கொண்டுபோகப் போதுமானது.

இனி ஒரு எக்டேர் பரப்புள்ள தளம் பாவிய முற்றத்தை எடுத்துக்கொள்வோம். வறண்ட மாதங்களில் அங்கு கழுவிச் செல்லக்கூடிய எண்ணெய் 10 கிலோகிராம் சேர்ந்திருப்பதாகக் கருதலாம். 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் அம்முற்றத்திலிருந்து ஒரு இலட்சம் லிட்டர் நீர் ஓடும். எண்ணெய் முழுவதும் அதில் சென்றால் அதன் செறிவு லிட்டருக்கு 100 மில்லிகிராம். அதாவது அனுமதிக்கப்பட்டதைப்போல் பத்து மடங்கு. மாறாக 100 மில்லிமீட்டர் மழை கொட்டினால் ஓடும் நீர் பத்து இலட்சம் லிட்டர். செறிவு 10 மில்லிகிராம். நெறிமுறை மீறப்படவில்லை. ஆனால் இரு நிகழ்விலும் ஆற்றைச் சேர்ந்த எண்ணெய் அதே 10 கிலோகிராம்தான். குழாய்க் கழிவுக்குப் பொருந்தும் செறிவு வரம்பு, மழைநீருக்கு அரைகுறையாகவே பொருந்துகிறது என்பதை இக்கணக்கு காட்டுகிறது. மழை மிகுந்த நாளில் எடுக்கப்படும் நல்ல முடிவு ஆலையின் ஒழுங்குக்குச் சான்றாகாது. அது மேகத்தின் கொடையாகவும் இருக்கலாம்.

எண்ணூர் கற்பித்தது

மழைநீர்வழி எண்ணெய் மாசு எவ்வளவு கேடு விளைவிக்கும் என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு தில்லியிலன்று, சென்னைக்கு வடக்கே நிகழ்ந்தது. 2023 டிசம்பர் 3, 4 ஆகிய நாட்களில் மிக்ஜாம் புயலையொட்டிப் பெய்த பெருமழையில் மணலிப் பகுதி வெள்ளக்காடாயிற்று. அங்கு 1969 முதல் இயங்கிவரும் பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலையின் சுற்றுப்புறத்திலிருந்து எண்ணெய் கலந்த நீர் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தை அடைந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. எர்ணாவூர், திருவொற்றியூர்ப் பகுதிகளின் வீட்டுச் சுவர்களில் வெள்ளம் வடிந்தபின் எண்ணெய்க் கோடு நின்றது. காட்டுக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் முதலிய ஊர்களின் படகுகளும் வலைகளும் பயனற்றுப்போயின, மீன்பிடிப்பு நின்றது. மீனவர்கள் வாளிகளும் குவளைகளும் கொண்டு எண்ணெயை அள்ளியதை நாடே கண்டது.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இதனைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், ஆலையின் மழைநீர் மேலாண்மை போதுமானதாக இல்லை என்று சுட்டிக்காட்டியது. ஆலை நிர்வாகம் தனது குழாய்களில் கசிவு எதுவும் ஏற்படவில்லை என்று தெரிவித்தது. இவ்விரு கூற்றுகளும் ஒன்றையொன்று மறுப்பவைபோல் தோன்றினாலும், பாடம் பயில்வோர் கவனிக்க வேண்டிய நுட்பம் இங்கேதான் உள்ளது. மழைநீரில் எண்ணெய் கலக்கக் குழாய் எதுவும் உடைய வேண்டியதில்லை. முற்றத்திலும் வாய்க்காலிலும் பிரிப்புத் தொட்டிகளிலும் அன்றாடம் தங்கியிருக்கும் எண்ணெயே, வெள்ளம் உட்புகுந்து தூக்கிச் சென்றால், ஒரு கழிமுகத்தை மூடப் போதும்.

தமிழக அரசு அறிவித்த நிவாரணம் 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய், பாதிக்கப்பட்ட வேறு 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய் என அமைந்தது. மொத்தம் சுமார் 8 கோடியே 68 இலட்சம் ரூபாய். கழிமுகத்தின் இறாலும் நண்டும் அலையாத்திச் செடிகளும் இக்கணக்கில் இடம்பெறவில்லை. அரசுக் கருவூலத்திலிருந்து சென்ற இப்பணத்தை, முற்றத்தைச் சுற்றி ஒரு கரையும் தக்க கொள்ளளவுள்ள தேக்கத் தொட்டியும் அமைக்க ஆகும் செலவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது திட்டமிடுவோர் கடமை.

தில்லியில் இத்தகைய சுத்திகரிப்பு ஆலை இல்லை. அங்குள்ள ஊற்றுக்கண்கள் சிறியவை; ஆனால் எண்ணற்றவை. மாயாபுரியில் பழைய ஊர்திகளைப் பிரித்து விற்கும் கடைகள், சஞ்சய் காந்தி போக்குவரத்து நகரில் சரக்குந்துப் பழுதுபார்ப்பு, ஓக்லாவிலும் வஜீர்பூரிலும் கடைசல் பட்டறைகள், பெட்ரோல் நிலையங்கள், பேருந்துப் பணிமனைகள், இரயில் எஞ்சின் கொட்டகைகள் என இவை விரிகின்றன. எண்ணூரில் ஒரே நாளில் கண்ணுக்குப் புலனானது இங்கு ஆண்டுதோறும் புலனாகாமல் நடைபெறுகிறது. 2024 சூன் 28 ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் சப்தர்ஜங் நிலையத்தில் 228.1 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. 1936 க்குப் பின் சூன் மாதத்தில் அத்தகைய மழை பெய்ததில்லை. சாலைச் சுரங்கங்கள் மூழ்கியதும் விமான நிலையக் கூரை சரிந்ததும் செய்திகளாயின. அன்று வடிகால்களில் சென்ற எண்ணெயை அளந்தவர் இலர்.

சட்டமும் சீசாவும்

1974 ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், மழைநீர் வடிகாலை மறந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. 'நீரோட்டம்' என்ற சொல்லுக்கு அச்சட்டம் தரும் விளக்கத்தில் ஆறு மட்டுமின்றித் தற்காலிகமாக வறண்டு கிடக்கும் நீர்வழியும் அடங்கும். அதன் 24 ஆம் பிரிவு, மாசுப்பொருள் நீரோட்டத்திலோ கழிவுநீர்க் குழாயிலோ நிலத்திலோ சேருமாறு தெரிந்தே விடுவதைத் தடைசெய்கிறது. யூனியன் பிரதேசங்களில் இச்சட்டத்தை நிறைவேற்றும் அதிகாரம் மத்திய வாரியத்துக்குரியது. தில்லியைப் பொறுத்தவரை அது 1991 இல் தில்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது.

இடர்ப்பாடு சட்டத்தின் நோக்கத்திலன்று, சான்று திரட்டும் முறையில் எழுகிறது. 21 ஆம் பிரிவின்படி, மாதிரி எடுக்கும் அலுவலர் ஆலைப் பொறுப்பாளருக்கு அங்கேயே அறிவிப்புத் தந்து, அவர் முன்னிலையில் மாதிரியை இரு பகுதிகளாகப் பிரித்து, முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். சாயக் கழிவுக்கோ அமிலக் கழிவுக்கோ இதில் தொல்லையில்லை. எண்ணெயின் இயல்போ வேறு. அது நீரின் மேல் மிதக்கும். பாத்திரத்தின் சுவரில் ஒட்டும். ஒரு கலத்தில் எடுத்து மற்றொன்றுக்கு ஊற்றினால் இரு பகுதிகளிலும் எண்ணெய் சமமாக இராது. ஆகவேதான் எண்ணெய்க்கான மாதிரியை அகன்ற வாயுள்ள கண்ணாடிச் சீசாவில் நேரடியாக எடுத்து, அமிலம் சேர்த்து, சீசா முழுவதையும் ஒரே சோதனைக்குப் பயன்படுத்தி, உட்சுவரையும் கரைப்பானால் கழுவிச் சேர்க்க வேண்டும் என்று ஆய்வு நெறிகள் கூறுகின்றன. சட்டம் 'பிரி' என்கிறது. வேதியியல் 'பிரிக்காதே' என்கிறது. அடுத்தடுத்து இரு சீசாக்கள் எடுப்பது நடைமுறைத் தீர்வு. ஆனால் மழை ஓட்டத்தில் ஒரு நிமிட இடைவெளியிலேயே எண்ணெயின் அளவு மாறும் என்பதை வழக்கறிஞர் எவரும் எளிதில் எடுத்துக்காட்டலாம். இம்முரண்பாட்டைத் தீர்க்கும் தனி விதிமுறை வகுக்கப்படுவது இன்றியமையாதது.

ஆய்வகச் சோதனையிலும் சில வரம்புகள் உள்ளன. கரைப்பானால் எண்ணெயைப் பிரித்தெடுத்து, கரைப்பானை ஆவியாக்கி, எஞ்சியதை நிறுப்பதே வழக்கமான முறை. ஆவியாகும்போது பெட்ரோலும் டீசலின் இலேசான பகுதியும் உடன் போய்விடுகின்றன. சமையல் எண்ணெயும் எஞ்சின் எண்ணெயும், தனியே சிலிக்கா ஜெல் கொண்டு பிரித்தாலொழிய, ஒன்றாகவே நிறுக்கப்படும். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே இம்முறை தரும் எண்ணை உறுதியாகக் கொள்வது கடினம்.

இங்கு மனிதக் கண் ஆய்வகத்தை விஞ்சுகிறது என்பது வியப்புக்குரியது. நீர்ப்பரப்பில் வானவில் நிறம் காட்டும் எண்ணெய்ப் படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் மூன்று பங்கு அளவிலேயே தொடங்குகிறது. ஒரு லிட்டர் எண்ணெய் 3,000 சதுர மீட்டருக்கு மேல் அவ்வாறு பரவக்கூடும். ஒரு மீட்டர் ஆழமுள்ள வடிகாலில் அத்தகைய படலம் இருந்தால், மொத்த நீருக்கும் கணக்கிடும்போது செறிவு லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைக்கூட எட்டாது. கண்ணுக்குத் தெரியும் அம்மாசு நிறுத்தறியும் முறைக்குத் தெரியாது.

அமெரிக்க நாட்டில் 1987 இல் தூய நீர்ச் சட்டம் திருத்தப்பட்டபோது தொழிற்சாலை மழைநீரும் உரிம முறையின்கீழ் கொண்டுவரப்பட்டது. அதையொட்டி எழுந்த நடைமுறையில், முந்தைய மழை முடிந்து குறைந்தது 72 மணி நேரம் கழித்துப் பெய்யும் மழையில், ஓட்டம் தொடங்கிய முதல் 30 நிமிடங்களுக்குள் மாதிரி எடுக்க வேண்டும். காலாண்டுக்கு ஒரு முறை தெளிந்த கலத்தில் நீரை எடுத்து நிறம், மணம், கலங்கல், நுரை, எண்ணெய்ப் பளபளப்பு ஆகியவற்றைக் கண்ணால் கண்டு பதிவு செய்வதும் ஆலையின் கடமை. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. 2014 முதல் நம் நாட்டில் பெரும் மாசு விளைவிக்கும் 17 வகைத் தொழில்களில் இணையவழித் தொடர் கண்காணிப்புக் கருவிகள் பொருத்தப்பட்டு வருகின்றன. அவை பயனுள்ளவையே. ஆனால் அவை நிற்பது சுத்திகரிப்பு நிலையத்தின் வெளிவாயிலில். எண்ணெய் செல்வதோ பின்புற மதிலின் மழைநீர்த் துளை வழியே. தில்லியில் ஆண்டொன்றுக்கு மழை நாட்கள் சுமார் 40 தான். அவற்றுள் நீண்ட வறட்சிக்குப் பின் வரும் நாட்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஆய்வாளர்களின் பயணத் திட்டம் நாட்காட்டியைப் பார்த்து வகுக்கப்படாமல் வானிலை அறிக்கையைப் பார்த்து வகுக்கப்பட்டால், இருக்கும் அலுவலர்களைக் கொண்டே பயனுள்ள மாதிரிகள் கிடைக்கும்.

பிரிப்புத் தொட்டியின் ஆற்றல்

எண்ணெய் நீரைவிட இலேசானது, மேலே மிதக்கும், வழித்தெடுத்துவிடலாம் என்ற எண்ணமே பிரிப்புத் தொட்டிகளுக்கு அடிப்படை. இது ஓரளவே உண்மை. எண்ணெய்த் துளி எவ்வளவு விரைவில் மேலே வரும் என்பது 1851 இல் ஸ்டோக்ஸ் கண்ட விதிப்படி துளியின் விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் வடிவமைப்பில் கொள்ளப்படும் துளியின் விட்டம் 150 மைக்ரான். அத்தகைய துளி நொடிக்குச் சுமார் 1.2 மில்லிமீட்டர் உயரும்; ஒரு மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வர ஏறத்தாழ 14 நிமிடங்கள் ஆகும். துளி பத்தில் ஒரு பங்காக, 15 மைக்ரானாகச் சிறுத்தால், அதே தொலைவுக்கு 22 மணி நேரத்திற்கு மேல் தேவை.

இதன் நடைமுறைப் பொருள் தெளிவு. சோப்புத் தூளிட்டு ஊர்திகளைக் கழுவும் இடத்திலும், நீரோடு கலந்த வெட்டெண்ணெய் பயன்படும் கடைசல் பட்டறையிலும் எண்ணெய் நுண்துளிகளாகச் சிதறிப் பால்போல் நிற்கிறது. அந்நீருக்குப் பிரிப்புத் தொட்டி பெரிதும் உதவாது. ஐரோப்பிய நெறிமுறை தொட்டிகளை இரு வகையாக்கி, ஒட்டிணைப்பு அடுக்குகள் கொண்ட முதல் வகைக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராமும், எளிய இரண்டாம் வகைக்கு 100 மில்லிகிராமும் எனச் சோதனை வரம்பு விதித்திருப்பதும் இவ்வேறுபாட்டை உணர்ந்தே. கடலில் செல்லும் கப்பலுக்கும் பன்னாட்டு உடன்படிக்கைப்படி பத்து இலட்சத்தில் 15 பங்கு என்ற வரம்பு உண்டு. தொழிற்பேட்டையில் நிற்கும் சரக்குந்துக்கு அத்தகைய தனி வரம்பு ஏதுமில்லை.

நம் நாட்டில் கரிம வேதிப்பொருள் ஆலைகளுக்கான 2010 ஆம் ஆண்டு நெறிமுறை மழைநீரைத் தனியே கருதுகிறது. 200 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள ஆலைகளில் மழைநீர் பிற கழிவுநீருடன் கலக்கலாகாது. உயரடர் பாலிஎதிலீன் விரித்த குழியொன்றின் வழியே அது செல்ல வேண்டும். குழியின் கொள்ளளவு, மணிக்கணக்கின் சராசரிப்படி, 10 நிமிட மழையைத் தாங்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது விதி. மணிக்கு 60 மில்லிமீட்டர் பெய்யும் மழைக்கு 200 சதுர மீட்டர் மனையில் இது 2,000 லிட்டர். மொட்டைமாடியில் வைக்கும் நீர்த்தொட்டி ஒன்றின் அளவே. நல்ல தொடக்கம் எனினும், எந்த மணியின் சராசரி என்பதை விதி கூறவில்லை. மேலும் 10 நிமிடத்தில் 150 மைக்ரான் துளி உயர்வது முக்கால் மீட்டருக்கும் குறைவு. எனவே குழி ஆழமின்றி அகன்றிருந்தாலன்றி, அது எண்ணெயைப் பிரிக்காது. பருமணலை மட்டும் தங்கவைக்கும். இவ்விதியைக் கடைசல் பட்டறை, பணிமனை, பழைய ஊர்திச் சந்தை ஆகியவற்றுக்கு அப்படியே விரிவுபடுத்துவதற்கு முன் ஆழத்தையும் நிர்ணயிப்பது நலம்.

கூரையே முதல் கருவி என்பதை இவ்விடத்தில் வலியுறுத்த வேண்டும். மழை படாத எண்ணெய் மழைநீரில் கலப்பதில்லை. எண்ணெய் கையாளும் மூலைக்கு ஒரு தகரக் கூரையும், சுற்றிலும் அரையடி உயரச் சிமிட்டிக் கரையும், சிந்தியதைத் துடைக்க மரத்தூளும் இருந்தால், பிரிப்புத் தொட்டிக்கு வரும் சுமையின் பெரும்பகுதி தோன்றாமலே போகும். மழைநீர்ச் சேகரிப்பை ஊக்குவிக்கும் ஆர்வத்தில், தொழிற்பேட்டை முற்றத்து நீரை நிலத்தடிக்குச் செலுத்துவது மட்டும் எக்காரணம் கொண்டும் கூடாது. கூரையில் விழுந்த நீரே அதற்குரியது. ஆற்றில் சென்ற எண்ணெயைச் சூரியனும் நுண்ணுயிரும் காலப்போக்கில் ஓரளவேனும் சிதைக்கும். நிலத்தடியில் இறங்கியது தலைமுறைக் கணக்கில் தங்கும்.

செலவு யாருடையது

வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் 'மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கோட்பாட்டை நாட்டின் சட்டத்தில் ஓர் அங்கமாக ஏற்றது. 2024 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் சிறைத் தண்டனைகள் பலவற்றை நீக்கி, 10,000 ரூபாய் முதல் 15 இலட்சம் ரூபாய் வரையிலான பணத் தண்டத்தை நிறுவியது. தில்லி உள்ளிட்ட யூனியன் பிரதேசங்களில் இது அவ்வாண்டு பிப்ரவரியிலேயே நடைமுறைக்கு வந்தது. நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் தேங்கும் வழக்குகளைக் காட்டிலும் விரைந்து விதிக்கப்படும் தண்டம் மேலானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் தொழில் நடத்துபவர் பார்ப்பது தண்டத்தின் உச்ச அளவையன்று. அகப்படும் வாய்ப்பையும் சேர்த்தே கணக்கிடுகிறார். நூற்றில் ஒரு முறையே அகப்படலாம் எனில், 15 இலட்சம் ரூபாய்த் தண்டம் அவரது கணக்கில் 15,000 ரூபாய் மட்டுமே. கூரைக்கும் கரைக்கும் அதைவிட மிகுதியாகச் செலவாகும். மழை நாளில் ஆய்வாளர் வராதவரை, தண்டத்தை எத்தனை மடங்கு உயர்த்தினாலும் இக்கணக்கு பெரிதும் மாறாது.

மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. பயன்படுத்திய எஞ்சின் எண்ணெய் வீண்பொருளன்று. அதற்குச் சந்தையில் விலை உண்டு. மிதிவண்டியில் பீப்பாயுடன் வந்து அதனை வாங்கிச் செல்வோர் தில்லியின் எல்லாப் பணிமனைத் தெருக்களிலும் உள்ளனர். ஆகவே எஞ்சினிலிருந்து வடித்த எண்ணெயைச் சிறு பட்டறைக்காரர் சாக்கடையில் கொட்டுவதில்லை, விற்றுவிடுகிறார். 2023 இல் அறிவிக்கப்பட்டு 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், எண்ணெய் தயாரிப்போரும் இறக்குமதி செய்வோருமே பயன்படுத்திய எண்ணெயின் மறுசுழற்சிக்குப் பொறுப்பாவர் என்கின்றன. இது கூடுதல் விலை தந்து அந்தச் சந்தையை ஒழுங்குபடுத்தக்கூடும். ஆனால் வடிகாலுக்குச் செல்வது விற்கத் தகாத எஞ்சிய பகுதியாகும்: சொட்டியது, கழுவியது, கந்தலில் ஒட்டியது, புழுதியோடு கலந்தது. விலையற்ற இதனைச் சேகரிக்க எந்தச் சந்தையும் முன்வராது. இங்கேதான் பொதுச் செலவுக்கு நியாயம் உண்டு.

பத்தடி அகலக் கடையில் தொழில் செய்பவரிடம் தனிப் பிரிப்புத் தொட்டி கட்டுமாறு கேட்பது வீண். தொழிற்பேட்டை முழுமைக்கும் கூரையிட்ட பொதுக் கழுவுமேடையும், வடிகால் பேட்டையை விட்டு வெளியேறும் முனையில் பொதுவான பிரிப்புத் தொட்டியும் அமைத்து, பராமரிப்புக் கட்டணத்தை மனைப்பரப்புக்கேற்ப வசூலிப்பதே பொருந்தும். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு இம்முறை ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. கட்டுவதைவிடக் கடினமானது தூர் வாருவது. தொட்டியின் மேல் மிதக்கும் எண்ணெயும் அடியில் படியும் கசடும் ஆபத்தான கழிவுகள் என வகைப்படுத்தப்பட்டவை. அவற்றை அருகிலுள்ள காலி மனையில் கொட்டினால் அடுத்த மழையில் அவை அதே வடிகாலுக்குத் திரும்பும். ஆகவே தொழிற்பேட்டைதோறும் ஒரு பதிவேடு வேண்டும். மே மாத முடிவுக்குள் தொட்டி தூர் வாரப்பட்ட நாள், எடுத்த கசடின் எடை, அது சென்ற இடம், பருவத்தின் முதல் மழையன்று வெளிமுனையில் எண்ணெய்ப் படலம் காணப்பட்டதா இல்லையா, கண்டவர் கையொப்பம் ஆகியவை அதில் இருந்தால் போதும். வானிலை நிலையத்தின் மழைப் பதிவோடு இப்பதிவேட்டை ஒப்பிட்டால், முதல் மழை நாளில் எவரும் வெளிமுனைக்குச் செல்லாத பேட்டை எது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.